"டொயோட்டான்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்": இன்னும் அப்படித்தானா?

சேலம்_சாலை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்க பக்கத்துல டொயோட்டான்னா இன்னமும் ஒரே பேச்சுதான்: ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாத்து, வண்டி பாட்டுக்கு ஓடும். க்வாலிஸும் 2005-ல வந்த இன்னோவாவும் சம்பாதிச்சுக் கொடுத்த பேரு அது.

ஆனா கொஞ்ச வருஷமா வர்ற செய்திகளைப் பார்த்தா குழப்பமா இருக்கு. அமெரிக்காவுல டன்ட்ரா பிக்கப் டிரக்குக்கு எஞ்சினையே மாத்திக் கொடுக்கறாங்க. டொயோட்டாவோட துணை நிறுவனமான டைஹாட்சுல பரிசோதனை முறைகேடு. 2024 ஜனவரி கடைசியில இங்க இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் வண்டிகளை டீலருக்கு அனுப்பறதையே சில நாள் நிறுத்தி வெச்சாங்க. தரம் உண்மையிலேயே இறங்கிடுச்சா, இல்ல செய்தி பெருசா தெரியுதா?

என் தேவை இதுதான். 7 பேர், வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர், பாதிக்கு மேல ஊருக்குள்ள. குறைஞ்சது 8 வருஷம் வெச்சுக்கணும். மூணு வழி யோசிச்சிருக்கேன்: 2013 இன்னோவா 2.5, 2018 கிரிஸ்டா 2.4 மேனுவல், இல்லாட்டி கடன் வாங்கி புது இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது). விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

டீசல்_பட்டறை எழுதியது:

தம்பி, கம்பெனி பேரைக் கேக்கறதை விட்டுட்டு எஞ்சின் பேரைக் கேளுங்க. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துடும்.

முதல்ல, இன்னைக்கு நம்ம ஊர்ல டொயோட்டா முத்திரையோட நிக்கிற வண்டி எல்லாம் டொயோட்டா வடிவமைச்சது இல்ல. கிளான்ஸா பலேனோதான். ரூமியன் எர்டிகா, டைசர் ஃப்ராங்க்ஸ். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாமே சுசுகியோடது. கெட்ட வண்டின்னு சொல்லல. ஆனா இன்னோவா 5 லட்சம் ஓடுச்சுங்கற கணக்கை கிளான்ஸா மேல ஏத்தக் கூடாது. ஹைரைடர் இன்னும் விசித்திரம்: ஒரே ஷோரூம்ல, ஒரே உடம்புல ரெண்டு எஞ்சின் நிக்குது. மைல்டு ஹைபிரிட்ல (மோட்டார் எஞ்சினுக்கு உதவி மட்டும் செய்யும்) இருக்கறது சுசுகியோட கே15சி, நாலு சிலிண்டர். ஸ்ட்ராங் ஹைபிரிட்ல (மோட்டார் தனியாவும் வண்டியை ஓட்டும்) இருக்கறது டொயோட்டாவோட மூணு சிலிண்டர் எம்15டி. "ஹைரைடர் எப்படி"ன்னு ஒருத்தர் கேட்டா, எந்த ஹைரைடர்னு திருப்பிக் கேக்காம பதில் சொல்ல முடியாது. ஹைகிராஸ் இதுக்கு நேர் எதிர்: டொயோட்டா வண்டி, மாருதி அதை வாங்கி இன்விக்டோன்னு விக்குது.

இப்ப உங்க டீசல் கதைக்கு வருவோம். க்வாலிஸ்ல இருந்தது 2எல் எஞ்சின், 2446 சிசி, 75 குதிரைத்திறன். கிரிஸ்டாவுல 2ஜிடி, 2393 சிசி, 150 குதிரைத்திறன். கொள்ளளவு கிட்டத்தட்ட அதேதான், சக்தி மட்டும் ரெண்டு மடங்கு. பழைய எஞ்சின்ல டீசலைத் தெளிக்கற இன்ஜெக்டர்ல அழுத்தம் கம்மி, எலக்ட்ரானிக்ஸ் இல்ல, டர்போ இல்ல. டீசல்ல கொஞ்சம் தண்ணி இருந்தாலும், ஆயில் 3,000 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் பொறுத்துக்கும். காமன் ரெயில், அதாவது டீசலை ரொம்ப உயர் அழுத்தத்துல கம்ப்யூட்டர் கணக்குல தெளிக்கற முறை, வந்ததுக்கப்புறம் அந்தப் பொறுமை போயிடுச்சு. உலோகம் மட்டமானதால இல்ல. இன்ஜெக்டருக்குள்ள இடைவெளி மைக்ரான் கணக்குல இருக்கு, அழுக்கு உள்ள போனா அதுக்கு ஒதுங்க இடமே கிடையாது.

பழைய இன்னோவாவோட 2கேடி எஞ்சினும் காமன் ரெயில்தான், அதை நிறைய பேர் மறந்துடறாங்க. அதுல நாலு இடம் பார்க்கணும்.

டைமிங் பெல்ட், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கற பெல்ட். அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், ஹெட்டைக் கழட்டாம தப்பிக்க முடியாது. மீட்டர்ல டி-பெல்ட் விளக்கு எரியட்டும்னு காத்திருக்காதீங்க, 1 லட்சம் கிலோமீட்டர்ல மாத்திடுங்க. பெல்ட்டை மட்டும் மாத்தி டென்ஷனரையும் ஐட்லரையும் (பெல்ட்டைப் பிடிச்சு நடத்தற உருளைகள்) விட்டா பாதி வேலைதான். பழைய பேரிங் இறுகினா புது பெல்ட்டையும் கொண்டு போயிடும்.

இன்ஜெக்டர் அடியில இருக்கற செம்பு வாஷர். இதுதான் ரொம்ப ஆபத்து, ஏன்னா வெளியே தெரியாது. வாஷர் கசிஞ்சா சிலிண்டர்ல எரிஞ்ச புகை மேல ஏறி ஆயிலோட கலந்து கரியா மாறும். அந்தக் கரி அடியில இருக்கற ஆயில் தொட்டிக்கு, அதாவது சம்புக்கு இறங்கி, ஆயில் உறிஞ்சற வலையை அடைச்சுடும். ஆயில் அளவு குச்சியில சரியா காட்டும், பேரிங்குக்கு மட்டும் ஆயில் போகாது. காலையில குளிர்ந்த எஞ்சின்ல வழக்கத்தை விடக் கடுமையா தட்டற சத்தம், சூடானதும் குறையுதுன்னா சந்தேகப்படுங்க. இன்ஜெக்டரை எப்ப கழட்டினாலும் புது வாஷர் போடணும், பழசைத் தேய்ச்சுப் போடக் கூடாது. அதிகம் ஓடின வண்டின்னா சம்பைக் கழட்டி வலையை ஒரு தடவை கண்ணால பார்த்துடுங்க.

அடுத்தது டீசல் பம்ப்ல இருக்கற உறிஞ்சு கட்டுப்பாட்டு வால்வு. அது ஒட்டிக்கிட்டா ஐட்லிங் மேலேயும் கீழேயும் ஆடும், ஏத்தத்துல இழுக்காது. பம்ப் போச்சுன்னு சொல்லி பெரிய பில் போடறதுக்கு முன்னாடி இந்தச் சின்ன வால்வை மாத்திப் பார்க்கச் சொல்லுங்க. நாலாவது ஈஜிஆர், அதாவது புகையில கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடற வழி, அதுல சேர்ற கரி. அது தெரிஞ்ச விஷயம்தான்.

கிரிஸ்டாவுல பெல்ட் இல்ல, செயின். அந்த வகையில முன்னேற்றம்தான்.

உங்க 2013 வண்டிக்கு இன்னொரு கணக்கும் உண்டு: 2028-ல 15 வருஷம் முடியும், ஆர்.சி. புதுப்பிக்கணும். நீங்க சொல்ற 8 வருஷத்துக்கு நடுவுலயே அது வந்துடும்.

---

ஏடும்_எஞ்சினும் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் "முன்பு நன்றாக இருந்தது" என்ற அடிப்படையையே கொஞ்சம் சோதிக்க வேண்டும்.

இன்று சாலையில் தென்படும் பழைய டொயோட்டாக்கள் தப்பிப் பிழைத்தவை. கழிந்துபோனவை நம் கண்ணில் படுவதில்லை. டொயோட்டாவின் பொற்காலம் என்று பலர் சொல்லும் ஆண்டுகளிலேயே 1997 முதல் 2002 வரையிலான 3.0 லிட்டர் வி6 எஞ்சினிலும் 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினிலும் ஆயில் தார்போல உறைந்தது. அமெரிக்காவில் சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு 2002-இல் உத்தரவாதத்தை 8 ஆண்டாக நீட்டினார்கள். கொரோலாவில் இருந்த தொடக்கக் கால 1இசட்இசட் எஞ்சின் ஆயில் குடித்தது. பிஸ்டனில் ஆயில் திரும்பும் துளைகள் போதாததால் வளையங்கள் கரியில் ஒட்டிக்கொண்டன. பிறகு பிஸ்டனைத் திருத்தினார்கள். பாடம் படித்தார்களா என்றால், 2007 முதல் 2009 வரையிலான கேம்ரியின் 2.4 லிட்டர் 2ஏஇசட் எஞ்சினில் அதே நோய் திரும்ப வந்தது. அதற்கும் பிஸ்டன், வளையம் மாற்றித் தர நேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆயில் குடிப்பது பாதுகாப்புக் குறை அல்ல, அதனால் அது ரீகால் (நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) கணக்கில் வராது. ரீகால் என்பது பாதுகாப்பையும் சட்டத்தையும் சார்ந்தது. ஆகவே ரீகால் எண்ணிக்கையை வைத்து நம்பகத்தன்மையை அளப்பது தவறான அளவுகோல். வண்டியை நடுத்தெருவில் நிறுத்தும் பழுதுக்கு ரீகால் இல்லாமலும் போகலாம், ஒரு ஸ்டிக்கர் தவறுக்கு ரீகால் வரவும் கூடும்.

உண்மையான சறுக்கல் எங்கே என்று கேட்டால் நான் இரண்டு இடங்களைக் காட்டுவேன்.

முதலாவது, 2000-களின் அதிவேக வளர்ச்சி. 2009-10இல் தரைவிரிப்பில் ஆக்சிலரேட்டர் சிக்கியது, பெடலே ஒட்டிக்கொண்டது என்று பல லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. மின்னணுக் கோளாறு காரணமா என்று நாசா பொறியாளர்கள் வரை ஆராய்ந்தார்கள். 2011 பிப்ரவரி அறிக்கையில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் தெரிந்ததை மறைத்ததற்காக 2014-இல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டினார்கள். 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அகியோ டொயோடாவே, பாதுகாப்பு, தரம், எண்ணிக்கை என்று இருந்த வரிசை குழம்பிவிட்டது, வளர்ந்த வேகம் அதிகமாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். நிறுவனமே தந்த வாக்குமூலம் அது.

இரண்டாவது, நீங்கள் குறிப்பிட்ட டன்ட்ரா. 5.7 லிட்டர் வி8-ஐ எடுத்துவிட்டு 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6 போட்டார்கள். எஞ்சினைக் கடையும்போது வந்த உலோகத் துகள் முழுதும் கழுவப்படாமல் உள்ளேயே தங்கியது. சுமை ஏறும்போது அது மெயின் பேரிங்கில் சிக்கி, எஞ்சின் தட்டும், இறுகும், ஓட்டத்திலேயே நின்றும் போகும். 2024 மே மாதம் 2022-23 மாடல் டன்ட்ரா, டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸின் எல்எக்ஸ் சேர்த்து சுமார் 1,02,000 வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தார்கள். பிறகு வந்த தீர்வு முழு எஞ்சின் மாற்றம். வடிவமைப்புப் பிழையைக்கூட என்னால் மன்னிக்க முடியும். கழுவித் துடைத்துக் கோக்கும் அடிப்படை ஒழுங்கில் வந்த பிழை இது. அந்த ஒழுங்கைத்தான் உலகம் டொயோட்டாவிடம் கற்றுக்கொண்டது என்பதால் இது எனக்கு அதிகம் உறுத்துகிறது.

டைஹாட்சு விவகாரமும் 2024 ஜனவரி டீசல் நிறுத்தமும் வேறு வகை. இரண்டும் சான்றளிப்பு முறைகேடுகள். டீசல் விஷயத்தில், சோதனையில் சக்தி அளவு சீராக வரும்படி உற்பத்தி வண்டியில் இருப்பதிலிருந்து மாறுபட்ட மென்பொருள் கொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டியை, இந்த எஞ்சின்களைச் செய்யும் குழும நிறுவனமான டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் பயன்படுத்தியிருந்தது. நேர்மைக் குறைவு, சந்தேகமே இல்லை. ஆனால் அதனால் உங்கள் கிரிஸ்டாவின் எஞ்சின் சீக்கிரம் தேயும் என்று பொருள் இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒப்பீட்டில் பார்த்தால், அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸின் 2024 டிசம்பர் நம்பகத்தன்மைப் பட்டியலில் சுபாரு முதலிடம், லெக்சஸும் டொயோட்டாவும் அடுத்த இரண்டு இடங்கள். கூட்டத்தில் இன்னும் முன்வரிசைதான். பின்னால் வந்தவர்கள் நெருங்கிவிட்டார்கள், முன்பிருந்த இடைவெளி இல்லை.

---

வடமராட்சி_ஹைபிரிட் எழுதியது:

எங்கட பக்கத்து அனுபவம் வேற மாதிரி. இலங்கையில 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. அதனால பத்து, பன்னிரண்டு வருசப் பிரியஸ், அக்குவா, அக்ஸியோ ஹைபிரிட் எல்லாம் இண்டைக்கும் முழுநேரம் ஓடுது. ரொயோட்டா ஹைபிரிட் வயசு போனால் எங்க விழும் எண்டு பாக்கிறதுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

மூண்டாம் தலைமுறைப் பிரியஸில, அதுதான் 2009 தொடக்கம் 2015 வரையான 1.8, உண்மையான பலவீனம் இருக்கு. சனம் பற்றரியைத்தான் பயப்பிடும். எஞ்சினைக் கொல்லுறது ஈஜிஆர் கூலர், திரும்பி வாற புகையைக் குளிர வைக்கிற பாகம். அதுக்குள்ள கரி அடைச்சால் குளிர்ந்த புகை சிலிண்டருக்குச் சரியாப் போகாது, எரியிற வெப்பம் ஏறும். சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிக்கிற மனிபோல்டில இருக்கிற சின்னத் துளைகளும் ஒரு பக்கம் அடைபட்டு, ஒரு சிலிண்டருக்குக் கூட, மற்றதுக்குக் குறைய எண்டு வரும். கடைசியில ஹெட் கஸ்கெட் (எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில இருக்கிற அடைப்புத் தகடு) போகும், பெரும்பாலும் ஒண்டாம், இரண்டாம் சிலிண்டருக்கு நடுவில. அறிகுறி: காலமை முதல் ஸ்டார்ட்டில எஞ்சின் பத்துச் செக்கன் போலக் குலுங்கும், பிறகு ஒண்டுமே நடக்காத மாதிரி ஓடும். வெளியில ஒழுகலே இல்லாமல் கூலன்ற் (எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம்) குறையும். அந்த நேரத்தில கொயில், பிளக் எண்டு மாத்திக்கொண்டு நிண்டால் காசும் போய் எஞ்சினும் போகும். கூலன்ற் தொகுதிக்கு இரவு அழுத்தம் குடுத்து வச்சிட்டு, காலமை பிளக் துவாரத்தால கமரா விட்டுப் பாருங்கோ. பிஸ்டனுக்கு மேல ஈரம் நிண்டால் முடிவு தெரியும். 80,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் கூலரையும் மனிபோல்டையும் கழட்டிக் கழுவினால் இதில கனக்கத் தவிர்க்கலாம்.

பற்றரிக்கு வாறன். பிரியஸில 28 மொடியூல், 201.6 வோல்ற். அக்குவாவில 20 மொடியூல், 144 வோல்ற். ரெண்டும் நிக்கல். அதைச் சாகடிக்கிறது வெப்பம். பின் ஆசனத்துக்குப் பக்கத்தில காத்து இழுக்கிற துவாரம் இருக்கு, அதில தூசியும் முடியும் அடைச்சால் விசிறி சுத்தியும் காத்து வராது. அந்தத் துவாரத்தைப் பையாலையோ துணியாலையோ மறைக்கக் கூடாது. வருசத்துக்கு ஒருக்கால் விசிறியைக் கழட்டித் துடைக்கிறது அரை மணித்தியால வேலை.

கடற்கரைப் பக்கம் ஓடுற வாகனத்தில மொடியூல்களை இணைக்கிற செம்புத் தகடு பச்சை பிடிக்கும். அதால ஸ்கேனரில பி0ஏ80 எண்ட பிழைக் கோட் வந்து, பற்றரி முடிஞ்சுது எண்டு சொல்லிப் போடுவினம். தகட்டைச் சுத்தம் செய்து, நட்டை 5.4 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கிப் போட்டுத் திரும்ப அளந்து பாருங்கோ. சுமையில ஓடேக்க புளொக்குகளுக்கு, அதாவது மொடியூல் சோடிகளுக்கு இடையில வித்தியாசம் 1 வோல்ற்றை நெருங்கினால்தான் மொடியூல் உண்மையா நலிஞ்சு போச்சு. ஒரே ஒரு மொடியூலை மாத்திற வேலை மூண்டு மாசம் தாங்காது, மற்றப் பழசுகள் வரிசையா விழும். இதுகளைத் தொடமுதல் சேர்விஸ் பிளக்கை (பற்றரியைத் துண்டிக்கிறது) கழட்டி 10 நிமிசம் பொறுக்கோணும், உயர் அழுத்தக் கையுறை இல்லாமல் கை வைக்கவே கூடாது.

பிரேக் பூஸ்ரர் இன்னொண்டு. பெடல் மிதிக்காமலே பம்ப் ஒரு நிமிசத்துக்குள்ள திரும்பத் திரும்ப ஓடினால் பிரேக் அழுத்தத்தைச் சேத்து வைக்கிற அக்கியூமுலேற்றரில அழுத்தம் நிக்குதில்லை எண்டு அர்த்தம். சி1256 அல்லது சி1391 கோட் வரும். விலை கூடின பாகம், வாங்கமுதல் கட்டாயம் கவனியுங்கோ.

என்ர கருத்து: 1.8 பிரியஸ் எஞ்சின் முந்தின தலைமுறையின்ர 1.5-ஐ விட ஒரு படி கீழதான். கியர் தொகுதியும் மோட்டரும் அப்பிடியில்லை, அதுகள் இண்டைக்கும் அசையாது.

---

மெல்பன்_தமிழ் எழுதியது:

டீசல் துகள் வடிகட்டி, அதாவது டிபிஎஃப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ 2,64,170 வண்டிகள் பற்றி வழக்கே நடந்தது. 1ஜிடி, 2ஜிடி எஞ்சின்கள்தான், கிரிஸ்டாவின் குடும்பம். தொடர்ந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் அடைத்தது, வெள்ளைப் புகை கக்கியது. 2022 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் வண்டி மதிப்பில் 17.5 சதவீதம் குறைவு என்று கணித்தது, 2023 மேல்முறையீட்டில் அது 10 ஆனது. 2018-இலிருந்து ஓட்டுநரே அழுத்தி எரிக்கும் பொத்தான் ஒன்றைச் சேர்த்தார்கள்.

இது பராமரிப்புக் குறை இல்லை, டொயோட்டாவின் வடிவமைப்புக் குறை. டீசல்_பட்டறை அண்ணா சொன்ன "பொறுமை போனது" என்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பழியையும் ஓட்டுபவர் மேல் போட முடியாது.

---

சேலம்_சாலை எழுதியது:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். 2013-ஐ விட்டுட்டேன். கிரிஸ்டா 2018-ல டிபிஎஃப் இருக்கா? பார்க்கப் போகும்போது என்ன கேக்கணும்? ஊருக்குள்ளதான் அதிகம்னா ஹைகிராஸ் மேலா?

---

டீசல்_பட்டறை எழுதியது:

2018 கிரிஸ்டா பிஎஸ்4, அதாவது பழைய புகை விதிப்படி வந்தது. அதுல டிபிஎஃப் கிடையாது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்பதான் அது சேர்ந்துச்சு. மெல்பன் தம்பி சொன்ன தலைவலி உங்க 2018-க்கு இல்ல. பிஎஸ்6 டீசல் எடுத்தா மட்டும் சாம்பல் குறைஞ்ச ஆயில்தான் ஊத்தணும், ஏசிஇஏ சி2 இல்லாட்டி ஜாஸோ டிஎல்-1 தரம் டப்பாவுல அச்சாகி இருக்கணும். சாதாரண டீசல் ஆயில் ஊத்தினா அதோட சாம்பல் வடிகட்டியில தங்கிடும், அதை எரிச்சு எடுக்க முடியாது.

2018 வண்டியைப் பார்க்க விடிகாலையில போங்க. எஞ்சினைத் தொட்டுப் பாருங்க, ஏற்கெனவே சூடா இருந்தா இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. குளிர்ந்த ஸ்டார்ட்ல செயின் பக்கம் கரகரப்பு ரெண்டு நொடிக்கு மேல நீடிக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து தலைகீழா வெச்சா அது லேசா ஆடலாம், புகையோட தூக்கி எறிஞ்சா வளையம் தேய்ஞ்சிருக்கு. ஸ்கேனர் போட்டு, சூடான எஞ்சின்ல நாலு இன்ஜெக்டரோட திருத்த அளவையும் பாருங்க. பிளஸ் 3-க்கும் மைனஸ் 3-க்கும் வெளியே ஒண்ணு போனாலும் அந்தச் செலவை விலையில கழிச்சுடணும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலர்கிட்ட சர்வீஸ் வரலாறும் பாக்கி ரீகாலும் கேளுங்க. மீட்டரைத் திருப்பி வெச்சிருந்தா அங்கதான் மாட்டும்.

ஆனா உங்க ஓட்டத்துக்கு நான் ஹைகிராஸ் ஹைபிரிட்டைத்தான் சொல்வேன். ஊருக்குள்ள நின்னு நின்னு போற வண்டிக்கு டீசல் பொருந்தாது, ஈஜிஆர் கரி சீக்கிரம் ஏறும். ஹைகிராஸ்ல கிளட்ச் இல்ல, தனி ஸ்டார்ட்டர் இல்ல, பிரேக் பாதி வேலையை மோட்டாரே செய்யறதால பேடும் நீடிக்கும். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் இல்லாட்டி 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம். உங்க 15,000 கணக்குல 8 வருஷத்துக்கு 1,20,000-தான் ஆகும், வரம்புக்குள்ளயே முடிஞ்சுடும். ஒண்ணே ஒண்ணு: ஹைகிராஸ்லயே ஹைபிரிட் இல்லாத 2.0 பெட்ரோலும் இருக்கு, அது சிவிடி பெல்ட் கியர்பாக்ஸ். நான் சொன்னது எதுவும் அதுக்குப் பொருந்தாது. புக் பண்ணும்போது ரசீதுல எது எழுதியிருக்குன்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

---

வடமராட்சி_ஹைபிரிட் எழுதியது:

ஹைகிராஸ் எடுத்தால் முதல் நாளே கையேட்டில பற்றரி காத்துத் துவாரம் எங்க இருக்கு எண்டு பாத்து வையுங்கோ. ஏழு பேர் போகேக்க பைகளை அதுக்கு முன்னால அடுக்கிறதுதான் கனபேர் விடுற பிழை.